கூட்டல் கல்லில் கடைசி வரி

மத்தியானம் பன்னிரண்டரை மணி. குணசீலம் தாண்டி முசிறிக்குப் போகிற வழியில், பஸ் ரோட்டை விட்டு உள்ளே பிரிகிற வாய்க்கால் கரை. கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஈ, காக்கை கிடையாது.

பேய்க் கதைக்கு மத்தியானமா என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். ராத்திரியில் அலைவதெல்லாம் அனுபவமில்லாதவை. விளக்கு வெளிச்சத்தில் மனிதனுக்கு நிழல் விழும், அதற்கு விழாது. குட்டு வெளிப்பட்டுவிடும். உச்சி வெயிலில் யாருக்குத்தான் நிழல் இருக்கிறது? விவரம் தெரிந்தவை அந்த நேரமாகப் பார்த்துத்தான் வரும்.

கதவைச் சாத்திவிடுங்கள். தாழ் வேண்டாம்... ஒருவர் வர வேண்டியிருக்கிறது.

இது நம் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப் பெரியண்ணனுடைய மைத்துனனுக்கு நடந்தது. பெண்டாட்டியின் தம்பி. பெயர் தங்கையன். வருஷம் 1958, சித்திரைக் கடைசி, கத்திரி வெயில்.

தங்கையனுக்கு முசிறிப் பக்கம் வாழைத்தோப்பு. திருச்சியில் ஒரு காலேஜில் சரித்திரம் படித்து, எம்.ஏ. வாங்கி, அங்கேயே டியூட்டராக உட்கார்ந்துவிட்டான். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற வீட்டில் பிறந்தவன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது எது தெரியுமா? ஆதி கிறிஸ்தவர்களின் கோயில்களும் கல்லறைகளும். ரோமாபுரியில் பூமிக்கடியில் இருக்கிற கல்லறைச் சுரங்கத்தில் எந்தச் சுவரில் புறா, எந்தச் சுவரில் மீன் எழுதியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். பாலக்கரையில் மீன் கடை எங்கே என்று கேட்டால் தெரியாது. மதுரைக்குத் தெற்கே போனதில்லை.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே காவிரிக் கரையில் கிறிஸ்தவ வியாபாரிகள் கோயில் கட்டியிருந்தார்கள் என்பது அவன் கட்சி. நானூறு பக்கம் எழுதியும் வைத்திருந்தான். மேற்பார்வை பார்த்த அருளப்பச் சாமியார் கையை விரித்துவிட்டார்.

"கல்லைக் காட்டு தங்கையா. கல் இல்லாம எழுதினா அது சரித்திரம் இல்ல, பிரசங்கம். பிரசங்கத்த நானே பண்ணிக்குவேன்."

இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று. ஜூன் முப்பதாம் தேதிக்குள் கட்டுரையைக் கொடுக்காவிட்டால் பதிவும் போகும், டியூட்டர் வேலையும் போகும். தோப்புக்குத் திரும்பி வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

தோப்புக்குப் போவதை விட, அப்பா முகத்தில் விழிப்பதுதான் அவனுக்குக் கஷ்டம். அதற்கும் ஒரு கதை உண்டு. காலேஜில் சேர்த்த அன்றைக்கு அப்பா வீரமலை வந்திருந்தார். ஆபீஸ் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து நிதானமாக ஒற்றினார். ஒற்றிவிட்டு விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார். கிளார்க் சுவரைப் பார்த்தார். தங்கையன் விட்டத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு அப்பாவை அந்தக் கட்டடத்துக்குள் அவன் விடவில்லை.

வீரமலைக்கு அது புரிந்தது. முசிறியில் பெரியவர்களுக்கு நடந்த இரவுப் பள்ளிக்கூடத்துக்கு நாலு மாதம் போனார். ஒரே வார்த்தைதான் கற்றுக்கொண்டார். வீரமலை. தினம் சாயங்காலம் தோப்பிலிருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு, சாக்பீஸ் எடுத்து வாசல் கதவில் ஒரு தடவை எழுதுவார். தள்ளி நின்று பார்ப்பார். பிறகுதான் சாப்பாடு. தங்கையன் லீவுக்கு வரும்போது அந்தக் கதவைப் பார்ப்பான். நன்றாயிருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி. கல்லுக்கு வருவோம்.

பெரியண்ணன்தான் தகவல் சொன்னது. "மாப்ள, வாய்க்காலத் தாண்டி ஒரு திடல் இருக்கு. அதுல ஒரு கல்லு. மேல கூட்டல் போட்டிருக்கும், கீழ எழுத்து. நாங்க கூட்டல் கல்லும்போம்."

தங்கையன் போய்ப் பார்த்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். தாமரைப் பூவின் மேல் நிற்கிற சிலுவை. அதன் தலைக்கு நேரே இறங்குகிற புறா. ராஜா பெயரும் வருஷமும் இருக்கிற இரண்டாவது வரி மட்டும் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. மற்றது தெளிவு. கோயிலில் அணையா விளக்கு எரிக்க நிலம் கொடுத்த தானம். அதற்குக் கீழே சாட்சிகள். 'இப்படி அறிவேன்' என்று ஆறு பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள். ஆறாவது சாட்சிக்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம். உளி நழுவியது என்று நினைத்துக்கொண்டான். அப்புறம் வெறும் கல்.

கல் கிடைத்தால் போதாது. படி எடுக்க வேண்டும். அதற்கு ஸ்ரீரங்கத்திலிருந்து காஜா மைதீன் பாயை அழைத்துக்கொண்டான். முப்பது வருஷமாகக் கோயில் மதில்களில் ஈரக் காகிதம் ஒட்டி, அடித்து, மை ஒற்றிக் கல்வெட்டுப் படி எடுத்தவர். பத்தாயிரம் கல்வெட்டு எடுத்திருப்பார். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது.

"வாசிக்கத் தெரிஞ்சா கை நம்ம பேச்சக் கேக்காது தம்பி. புத்திக்குப் பட்டத அடிக்க ஆரம்பிச்சிரும்" என்பார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து, காகிதச் சுருள், மை டப்பா, பிரஷ், வாளி, குடத்தோடு வாய்க்கால் கரையில் இருவரும் நடந்தபோது எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இருளாயி என்று பெயர். சாமான்களைப் பார்த்தாள்.

"திடலுக்கா?"

"ஆமா."

"இந்த நேரத்துல அங்க ஒரு ஆளு வருவாரு. எழுத்து தெரியுமான்னு கேப்பாரு. தெரியாதுன்னு சொல்லிருங்க. எங்கூரு வாத்தியாரே அப்படித்தான் சொல்லுவாரு."

"எனக்கு நெசமாவே தெரியாதும்மா" என்றார் காஜா மைதீன்.

"நீங்க தப்பிச்சீங்க" என்றாள். தங்கையனின் கண்ணாடியையும் சட்டைப்பையில் இருந்த பேனாவையும் பார்த்தாள். ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தங்கையன் சிரித்தான்.

வேலை ஆரம்பமாயிற்று. கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார்கள். ஆறாவது சாட்சி வரைக்கும் காகிதத்தை நனைத்து ஒட்டினார் பாய். பிரஷ்ஷால் அடித்தார். தப்... தப்... தப்... ஒவ்வொரு அடிக்கும் காகிதம் எழுத்துக்குள் இறங்கியது. பிறகு மையில் தொட்ட துணிப்பொட்டலத்தால் மேலே ஒற்றினார். கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வந்தன. கரிமை வாசனையும் சுட்ட கல்லில் தண்ணீர் பட்ட வாசனையும் கலந்து அடித்தது.

"காயட்டும் தம்பி. தண்ணி தீந்துபோச்சு. பம்ப்செட்டு வரைக்கும் போயிட்டு வரேன்" என்று பாய் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வாளியடியில் ஒரு கை தண்ணீர் கிடந்தது. வெயில்... பூச்சிச் சத்தம் கூட இல்லை.

அப்போது ஒரு வாசனை வந்தது. எண்ணெய் விளக்கை ஊதி அணைத்தால் திரியிலிருந்து வருமே, அந்த வாசனை. நட்ட நடு வெயிலில், திறந்த திடலில்.

"எழுத்து தெரியுமா?"

பின்னால் ஓர் ஆள் நின்றார். வெள்ளை வேட்டி. மேலே ஒன்றுமில்லை. வயது சொல்ல முடியாத முகம்.

இந்த இடத்தில் நீங்களும் நானுமாயிருந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்போம். தங்கையனால் முடியவில்லை. வாய் வரைக்கும் வந்தது. இருபத்தேழு வயசு வரைக்கும் அந்த ஒன்றைத்தான் அவன் சம்பாதித்திருந்தான்.

"தெரியும்."

"எழுதவுமா?"

"ரெண்டும். எம்.ஏ."

"அப்படீன்னா?"

"ரெண்டும் நல்லாத் தெரியும்னு அர்த்தம்."

அந்த ஆள் கல்லருகே குந்தினார். வலது கட்டைவிரலை நீட்டினார். விரலில் ரேகையே இல்லை. கூழாங்கல் மாதிரி வழவழப்பு. நடுவில் கீறிவிட்டது போல் ஒரு சின்னக் கூட்டல் குறி. அந்த விரலை ஆறாவது சாட்சிக்குக் கீழே இருந்த பள்ளத்தில் வைத்தார். சாவி பூட்டுக்குள் போவது போலப் பொருந்தியது.

"ஆறு பேரு எழுதிட்டாங்க. எனக்கு எழுத்து வராது. குறி வச்சேன். இது என் குறிதான்னு எழுத்து தெரிஞ்சவரு ஒருத்தரு பக்கத்துல எழுதணும். எழுத வேண்டியவரு அன்னிக்கு வரல."

என்றைக்கு என்று தங்கையன் கேட்கவில்லை. பக்கத்து ஊர்ப் பைத்தியம் என்று மனசில் ஒரு பக்கம் சொல்லியது. இன்னொரு பக்கம் இருளாயி சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் வாய் என்ன கேட்டது தெரியுமா?

"எந்த ராஜா? எத்தனையாவது வருஷம்?"

"எழுதினாச் சொல்றேன்."

கண்ணால் காணாததற்குச் சாட்சி எழுதக் கூடாது. சரித்திரக்காரனுக்கு முதல் பாடமே அதுதான். முதல் வருஷத்துப் பையன்களை அதற்காக அவனே பெஞ்சின் மேல் நிற்க வைத்திருக்கிறான். ஆனால் ஜூன் முப்பது... தேய்ந்துபோன இரண்டாவது வரி...

வாளியில் விரலை நனைத்தான். வெறும் தண்ணீர். இந்த வெயிலில் எழுதி முடிப்பதற்குள் காய்ந்துபோகும். யாருக்கு என்ன நஷ்டம்? பள்ளத்துக்குப் பக்கத்தில் எழுதினான். 'இது இவன் குறி என்று அறிவேன். வீ. தங்கையன்.' கை பழகிய பழக்கத்தில் அதோடு நிற்கவில்லை. 'எம்.ஏ.' என்றும் போட்டுவிட்டான்.

சுர்... என்றது கல். எழுத்து காய்ந்து மறைந்தது.

அந்த ஆள் காதருகே வந்து ராஜா பெயரையும் வருஷத்தையும் சொன்னார். மூச்சுக் காற்று படவில்லை. தங்கையன் நோட்டில் குறித்துக்கொண்டு நிமிர்ந்தான். திடலில் யாரும் இல்லை.

காஜா மைதீன் குடத்தோடு வந்தார். "யாருகிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க?"

"ஊர்க்காரர் ஒருத்தர். எதிர்ல வந்திருப்பாரே?"

"வழி ஒண்ணுதானே தம்பி. ஆரும் வரலையே."

பாய் காகிதத்தை உரித்துச் சுருட்டினார். கல்லைத் தடவிப் பார்த்தார். "கீழ இன்னொரு வரி இருக்கே. எப்படி விட்டோம்?"

இன்னொரு காகிதம் ஒட்டினார். தப்... தப்... தப்... மை ஒற்றினார். தங்கையன் குனிந்து பார்த்தான். இது இவன் குறி என்று அறிவேன். வீ. தங்கையன். எம்.ஏ. அவன் கையெழுத்துதான். 'கை'யின் வாலைச் சுழித்துவிடுகிற அவன் வழக்கம் கூட அப்படியே. உளியால் வெட்டியிருந்தது. காகிதத்தை உரித்தால், எழுத்துக்குள் காய்ந்த பாசி கறுத்துக் கிடந்தது.

"பாருங்க, மத்த வரிய விட இதுதான் ரொம்பத் தேஞ்சிருக்கு" என்றார் பாய், வாசிக்கத் தெரியாத நிம்மதியோடு. "கல்லுலயே பழசு இதுதான் போல."

தங்கையன் அன்று ஒரு முடிவு செய்தான். இரண்டாவது காகிதத்தை ஸ்ரீரங்கம் வருவதற்குள் கிழித்துக் கொள்ளிடத்தில் போட்டான். ஆறு சாட்சியோடு நின்ற முதல் காகிதத்தையும், அந்த ஆள் சொன்ன ராஜா பெயரையும் வருஷத்தையும் ஆராய்ச்சிக் கட்டுரையில் சேர்த்து, ஜூன் இருபத்தெட்டாம் தேதி கொடுத்தான். அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுவான். ரூமுக்குள்ளேயே நடப்பான். இடது கட்டைவிரலைப் பார்ப்பான், வேட்டியில் துடைப்பான், மறுபடி பார்ப்பான்.

ஆடியில், வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, சென்னையிலிருந்து வந்த பரீட்சகர் கல்லை நேரிலேயே பார்க்க வேண்டும் என்றார். காரில் போனார்கள். பரீட்சகர் குனிந்தார், வாசித்தார், கடைசி வரிக்கு வந்தார். கண்ணாடி நழுவி விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே எம்.ஏ. இருந்திருக்கு. யுனிவர்சிட்டிக்கே பெருமை."

அருளப்பச் சாமியார் சிரிக்கவில்லை. கல்லருகே மண்டியிட்டார். எழுத்துக்குள் நகத்தை விட்டுப் பாசியைச் சுரண்டினார். தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார்.

போலிக் கல்வெட்டு என்று எழுதியாயிற்று. கட்டுரையைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால் கௌரவமாக முடித்துவிடலாம் என்றார்கள். ஆபீஸில் டைப்பிஸ்ட் லூர்துராணி ரிஜிஸ்தரைத் திருப்பி வைத்தாள்.

தங்கையன் பேனாவை வைத்தான். எழுதினான். காகிதத்தில் ஒன்றுமில்லை.

மை தீர்ந்துவிட்டது என்று வேறு பேனா கொடுத்தாள். மை ஒற்றுகிற தாளில் காவிரி என்று எழுதினான். வந்தது. திருச்சிராப்பள்ளி என்று எழுதினான். வந்தது. தங்கையன்... நிப்பு காகிதத்தைக் கீறிக்கொண்டு போயிற்று. மை மட்டும் இறங்கவில்லை. மூன்று பேனா மாற்றினாள்.

"கைநாட்டு வச்சிருங்க சார்" என்றாள் மெதுவாக. "எம்.ஏ. படிச்சிட்டு வைக்கிற மொத ஆளு நீங்கதான். சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்."

சாட்சிக்கு எங்கே போவது? அந்தக் கட்டடத்தில் யார் முகத்தையும் அவனால் பார்க்க முடியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் வீரமலை உட்கார்ந்திருந்தார். மகனுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போக வந்தவர். சொன்னபடியே உள்ளே வரவில்லை.

தங்கையன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். எட்டு வருஷத்தில் அப்பாவிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

வீரமலை கேட்டுக்கொண்டார். "நீ எழுதிக் குடுத்தப்பறம் அந்த ஆளு மறுபடி வந்தானா?"

"இல்லப்பா. ஆடு மேய்க்கிற இருளாயியக் கேட்டேன். அதுக்கப்பறம் யாரும் பாக்கலையாம்."

"அப்ப அவனுக்கு விட்டுப்போச்சு. எழுதிக் குடுத்த உன்னப் புடிச்சுக்கிச்சு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எந்திரி. காட்டு, எங்க போடணும்?"

தங்கையன் இடது கட்டைவிரலை ஒற்றினான். லூர்துராணி பக்கத்தில் எழுதினாள். வீரமலை வாசிக்கச் சொன்னார். 'மேற்கண்ட ரேகை வீ. தங்கையனுடையது என்று அறிவேன்.'

"அறிவேன்னா, தெரியும்னுதானே?"

"ஆமாங்க."

"எம் புள்ளைய எனக்குத் தெரியாதா" என்று பேனாவை வாங்கினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, வீரமலை என்று போட்டார். அழகாக விழுந்தது.

லூர்துராணி ஒற்றுத்தாள் வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ரேகை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு கூட இல்லை. வழவழவென்று ஒரு கறுப்பு வட்டம். நடுவில் வெள்ளையாக ஒரு சின்னச் சிலுவை. அவள் தன் கட்டைவிரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ரிஜிஸ்தரை மூடிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது, குணசீலம் தாண்டியதும், தங்கையனுக்கு என்னவோ தோன்றியது. பென்சிலை எடுத்து டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தான். தங்கையன். வந்தது. மறுபடி எழுதினான். வந்தது. அப்பாவிடம் நீட்டினான்.

வீரமலை பார்த்தார். "நல்லாருக்கு. பத்திரமா வச்சுக்க" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவினார். சாக்பீஸை எடுத்தார். கதவருகே போனார். கை வழக்கம் போல் மேலே ஏறி, சுழித்து, கீழே இறங்கியது. கிறீச்... கிறீச்... சாக்பீஸ் தேய்ந்து மாவு நிலைப்படியில் உதிர்ந்தது. நாலு எழுத்துக்கும் கை போய் முடிந்தது.

கதவு துடைத்து விட்டாற்போல் இருந்தது. நேற்று எழுதியதும் அதில் இல்லை.

தங்கையன் பின்னால் நின்று பார்த்தான். வீரமலை கையை உதறிக்கொண்டார்.

"ஆடிக் காத்து. சாக்பீஸு நமுத்துப்போச்சு" என்றார். சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த கத்திரியிலிருந்து மத்தியானம் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. இலையில் சோறு போட்டதும் எழுந்து வாய்க்கால் கரைக்குப் போய்விடுவார். போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாய் அசையும்... கேட்க மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவார். ஒரு நாள் தங்கையன் எதிரே போய் நின்றான். "என்கிட்டயே கேளுங்கப்பா" என்றான்.

"நீ எழுத்து தெரிஞ்சவன். போடா வீட்டுக்கு."

கடைசி வரைக்கும் யாரையும் கேட்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் போய்ச் சேர்ந்தார். தோப்பை மகனுக்கும் மகளுக்கும் பிரித்து ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்திருந்தார். சாட்சிக்கு மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. தங்கையன் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவோடு போனதற்குப் பேனாவைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்துவிட்டாராம்.

அந்தக் காகிதம் இப்போது பெரியண்ணன் சட்டைப்பையில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துக்காக ஒர்க் ஷாப்பில் ஒவ்வொருவரிடமாக நீட்டிக்கொண்டிருக்கிறான். போன வாரம் என்னிடம் நீட்டினான். நான் கைநாட்டுப் பேர்வழி என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷம் என்னை டைம் கீப்பராகப் பார்த்தவன், நம்பவில்லை.

இரண்டாம் ஷிப்டு விட்டிருப்பார்கள். அதோ, சைக்கிள் மணி. பேனா வைத்திருக்கிறவர்கள் உள்ளே வைத்துவிடுங்கள்.

யாரப்பா அது, விளக்கை அணைத்தது? திரி வாசனை வருகிறதே...

இல்லை. அரிக்கேன் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.